கிணற்றில் பழகியவள்

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கென்று நீச்சல் குழு ஆரம்பித்த ஐந்து பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. நான் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. அவர்களே ஒத்துக்கொண்ட விஷயம் இது. "நமக்குத் தெரியாட்டி என்ன டீச்சர், வருங்காலம் நீந்தட்டும்" என்றார் செயலாளர். அவருக்குக் காரைக்குடியில் ஜவுளிக்கடை. வருங்காலம் என்ற வார்த்தையை மேடையிலும் சொல்வார், துணி கிழிக்கும்போதும் சொல்வார். மழை பெய்தால் கால் நனையும் என்று கடையை விட்டு இறங்கமாட்டார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவருக்கு ராமநாதபுரத்தில் அரசாங்க வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுவார். ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு படித்தாள். என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் மகள் பரதநாட்டியம் ஆடுவாள். இன்னொருத்தியின் மகன் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். எனக்கும் நாலு பேர் முன்னால் காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. பிள்ளையின் உடம்புக்கு நல்லது, தைரியம் வரும் என்றெல்லாம் அப்போது வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மை முதலில் சொன்னதுதான்.

மகளுக்கு நீச்சல் ஏற்கெனவே தெரியும். முந்தின கோடை விடுமுறையில் என் அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் பழகியிருந்தாள். பள்ளத்தூர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி வரப்பில் நடந்தால் அந்தத் தோட்டம். பம்புசெட்டுக் கிணறு, கோடையிலும் மூன்று ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். அண்ணன் அவள் முதுகில் மிதப்புக்குக் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, மூன்று நாள் மிதக்கவிட்டார். நாலாம் நாள் இரண்டையும் அவிழ்த்துவிட்டு அவளைத் தூக்கித் தண்ணீரில் போட்டார். விடுமுறை முடிவதற்குள் அவள் மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள். மேலே நிற்கிற நான்தான் கண்ணை மூடிக்கொள்வேன்.

குழுவில் பெயர் கொடுக்க அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பயிற்சியாளர் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். கழுத்தில் விசில், கையில் குடை. பினாங்கில் ஒரு கடையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் நீந்துவதைப் பல வருஷம் பார்த்திருக்கிறாராம். அவருடைய தகுதி அவ்வளவுதான்.

"புள்ள எங்குட்டுப் பழகுச்சு?" என்றார்.

"எங்க அண்ணன் கெணத்துல."

"கெணத்துல குதிக்கிறதெல்லாம் நீச்சல்ல சேராது டீச்சர். அது குளியல்."

"பினாங்குல நீங்க நீந்துனீகளா, குளிச்சீகளா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்" என்றார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

மூக்கை உடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உடைந்ததாக அவர் நினைக்கவில்லை. மகளின் பெயரைக் கடைசியில் எழுதி, பக்கத்தில் 'அடிப்படையிலிருந்து' என்று குறித்திருந்தார்.

அடிப்படை என்றால் என்ன என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை வேப்பமரத்தடியில் இழுத்துப் போட்டு, பன்னிரண்டு பிள்ளைகளையும் அதன்மேல் குப்புறப் படுக்கவைத்தார். விசில் ஊதினால் கையை வீச வேண்டும், இன்னொரு தடவை ஊதினால் காலை உதற வேண்டும். பெஞ்சில் படுத்து நீந்திய முதல் குழு உலகத்திலேயே எங்கள் ஊர்க் குழுவாகத்தான் இருக்கும். ஐந்து ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூத்து நடந்தது. வயிற்றில் பெஞ்சின் சிராய் குத்தி அழுத பிள்ளைகள் உண்டு. தண்ணீரைக் கண்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. செயலாளர் தினசரிப் பத்திரிகைக்காரரை வரவழைத்துப் படம் எடுத்தார். படத்தில் பெஞ்சு தெரியக்கூடாது என்று வேறு சொன்னாராம்.

அதற்குள் உடை பற்றிய சர்ச்சை வந்தது. பெண்பிள்ளைகள் என்ன போட்டுக்கொண்டு நீந்துவது? ஐந்து ஆண்கள் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து இதைப் பேசினார்கள். கடைசியில் கறுப்புப் பாப்ளின் துணியில் முழங்கால் வரை ஒரு நிக்கர், அதோடு சேர்ந்தே முக்கால் கை வைத்த மேல்சட்டை என்று முடிவானது. துணி செயலாளர் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. தைத்து வந்ததைப் போட்டுக்கொண்டு என் மகள் கண்ணாடி முன்னால் நின்று, "கூர்க்கா மாதிரி இருக்கேம்மா" என்றாள்.

பிறகுதான் அந்த ஐந்து பேருக்கும் தண்ணீர் என்று ஒன்று வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. ஊரணியில் இறங்க முடியாது. குடிக்கிற தண்ணீர், கால் வைத்தால் காவல்காரர் கம்போடு வருவார். கோயில் குளத்துக்கு அனுமதி கேட்டார்கள். நிக்கர் போட்ட பெண்பிள்ளைகளா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. வறண்ட சீமையில் நீச்சல் குழு வைப்பதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீரையாவது பார்த்துவைக்க வேண்டாமா? மதுரையில் போட்டி வைத்திருக்கிறார்கள், இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது என்ற நிலையில் செயலாளரும் மாஸ்டரும் ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"டீச்சர், உங்க அண்ணன் கெணத்தக் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்" என்றார் செயலாளர்.

"அது குளிக்கிற கெணறாச்சே" என்றேன்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. காபிகூடக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் நிற்கவைத்தேன். அண்ணன் சரியென்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கூட்டமும் பஸ் ஏறி வந்து இறங்கியது. கிணற்றுக்குச் சூடம் காட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள். மாஸ்டர் குடையை விரித்துக்கொண்டு மேலேயே நின்று விசில் ஊதினார். தண்ணீரில் இறங்கியவர் என் அண்ணன்தான். பிள்ளைகள் ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி, வாளி இறக்குவதுபோல இறக்கி, மேலே தூக்கினார். என் மகள் மட்டும் கயிறு இல்லாமல் கூரையிலிருந்து குதித்தாள். பாப்ளின் நிக்கர் காற்று புகுந்து பூரிபோல உப்பியது. அவள் அதைத் தட்டிவிட்டுக்கொண்டே கிணற்றை ஏழு சுற்றுச் சுற்றினாள். செயலாளர் வாயைப் பிளந்து பார்த்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "குளிக்கிறா" என்றேன்.

அந்த ஆறு ஞாயிற்றுக்கிழமையும் நான் தலை கால் புரியாமல் திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் வாய் ஓயவில்லை. மதுரையில் முதல் பரிசு எங்களுக்குத்தான், எந்த மாஸ்டரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை இந்த நீச்சல், எங்கள் கிணறு சொல்லிக்கொடுத்தது என்று பரதநாட்டியக்காரியின் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். போட்டியில் அவள் நீந்துவது போலத்தான் எல்லாருக்கும் தெரியும். பந்தயத்தில் இறங்கியிருந்தது நான்.

மதுரைக் குளத்தை அன்றுதான் நாங்கள் எல்லாரும் முதல் தடவையாகப் பார்த்தோம். நீளமாக, நீலமாக, சிமெண்டுக் கட்டடத்துக்குள் பெட்டி மாதிரி இருந்தது. பல ஊர்ப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். தாய்மார்களுக்கு ஓரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் கைக்கடிகாரம் கட்டிய ஒரு மதுரை அம்மாள். அவர் மகள் உடம்போடு ஒட்டிய நீச்சல் உடையில் இருந்தாள். என் மகளின் பாப்ளினைப் பார்த்து அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கவனிக்காததுபோல இருந்துகொண்டேன். நீந்தட்டும், அப்புறம் இந்த வாய் என்ன செய்கிறது பார்ப்போம் என்று மனதுக்குள் கறுவினேன்.

விசில் ஊதினார்கள். ஆழமான பக்கத்திலிருந்து எட்டுப் பிள்ளைகள் குதித்தார்கள். என் மகள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியபோதே ஓர் ஆள் நீளம் முன்னால் இருந்தாள். பாதிக் குளத்தில் இரண்டு ஆள் நீளம். பக்கத்து நாற்காலியின் வாய் மூடிக்கொண்டது. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

முக்கால் தூரத்தில் அவள் நின்றாள்.

களைத்துப்போய் நிற்கவில்லை, மூச்சு முட்டியும் நிற்கவில்லை. தண்ணீருக்கு நடுவில் நெஞ்சளவுக்கு நிமிர்ந்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். குனிந்து கீழே பார்த்தாள். ஒரு காலைத் தூக்கி மறுபடி வைத்துப் பார்த்தாள். கிணற்றில் பழகியவள் அவள். அவளுக்குத் தெரிந்த தண்ணீரில் கால் எட்டுகிற இடமே கிடையாது. நீந்துகிற தண்ணீருக்கு அடியில் இப்படி நிற்க முடியும் என்று அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. மற்ற ஏழு பேரும் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, அவள் முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினாள்.

"அம்மா! தரை இருக்கும்மா! கால் எட்டுதும்மா!"

குளத்தைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பக்கத்து அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "யார் பொண்ணுங்க அது? உங்களப் பாத்து கைய ஆட்டுது?"

நான் உடனே பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவள் கூப்பிட்ட அம்மா எனக்குப் பின்னால் எங்கோ இருக்கிறாள் என்பதுபோல. பிறகு அந்த அம்மாளிடம், "தெரியலைங்க. ஏதோ பட்டிக்காட்டுப் புள்ள" என்றேன்.

திரும்பியபோது மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம்கூட இல்லை. கை மெதுவாகக் கீழே இறங்கியது. மாஸ்டர் வேட்டியோடு படியில் முழங்கால் வரை இறங்கி, அவளைக் கைபிடித்து ஏற்றித் துண்டால் போர்த்தினார். அவர் தண்ணீரில் கால் வைத்ததை அன்றுதான் பார்த்தேன். துண்டை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியவள் நான். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். ஆழத்தைப் பற்றிச் சொல்லித்தர ஒரு ஆளுக்குத் துப்பில்லை, பெஞ்சில் படுக்கவைத்துப் பிள்ளைகளைக் கெடுத்தார்கள், ஐந்து பேரும் குளத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத பிறவிகள் என்று காரைக்குடி வரும்வரை திட்டித் தீர்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

குழுவிலிருந்து அவளை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எடுத்தால் கிணற்றை நிறுத்திவிடுவேன் என்று சொல்ல வசனமெல்லாம் தயாராக வைத்திருந்தேன். மாஸ்டர் வீட்டுக்கு வந்து, "டீச்சர், புள்ள பேரு லிஸ்ட்டுல முதல்ல இருக்கு. கால் எட்டுனா நிக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்காம விட்டது எங்க தப்பு. நீங்க வையாதீக" என்றார். வசனம் வீணாய்ப் போனது. அவரைத் திட்டவும் வழியில்லை என்பதில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றுப் பயிற்சிக்குப் போக மகள் பாப்ளின் உடையைத் துண்டில் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நானும் கிளம்புவதற்குப் புடவை மாற்றிவிட்டு வந்தேன்.

"நீ வர வேண்டாம்மா" என்றாள். "மாஸ்டரோட பஸ்ல போயிக்கிறேன்."

"ஏண்டி?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு இரண்டு போட்டிருப்பேன். அவள் என் பக்கத்தில் வந்து, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "யாராச்சும் நான் யார் புள்ளன்னு கேட்டா, ஒனக்குத்தானே சங்கடம்."

பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அந்தக் குழுவில் அவள் நாலு வருஷம் இருந்தாள். ஒரு போட்டிக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.