எது கிச்சிட்டி?

மலாயா அவசரகாலத்தில் செங் ஊர்ப் பக்கம் போலீஸ் பஸ்ஸை நிறுத்தினால், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று சோதித்து முடிக்க ஒரு மணி நேரமாகும். அப்படி நின்ற ஒரு பகலில்தான் பக்கத்து இருக்கைக்காரரைக் கவனித்தேன். நீண்ட கழுத்து, காதில் செருகிய பென்சில், சும்மா இருக்கத் தெரியாத கை. பயணச்சீட்டின் பின்புறம் இரண்டு படம் போட்டிருந்தார். ஒன்று பஞ்சுப்பொதி மாதிரி உருண்டை. மற்றதில் ஐந்து கூர்முனைகள்.

"இதுல ஒண்ணு பேரு லொம்மோலு, இன்னொண்ணு கிச்சிட்டி. எது கிச்சிட்டி, சொல்லுங்க லா!"

யோசிக்காமல் முனைகளைக் காட்டினேன். அவர் மலாயில் திருப்பிக் கேட்டதும் முன்னிருக்கைச் சீன அம்மாவும் அதையேதான் தொட்டார். பென்சில்காரர் துள்ளினார்.

"ரெண்டும் நான் இட்டுக்கட்டின பேருங்க! எந்தப் பாஷையிலயும் கிடையாது!"

அதற்குள் மலாய்ப் போலீஸ்காரர் சீட்டைப் பறித்தார். ஐந்து முனை! காட்டில் இருப்பவர்கள் தொப்பியில் குத்தும் நட்சத்திரமும் அப்படித்தான் இருக்கும். "பிந்தாங்?" என்று அதட்டினார். நட்சத்திரமா என்று கேட்கிறார். சீன அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பென்சில்காரருக்கு மட்டும் பயமே இல்லை. "துவான், இதுல எது கிச்சிட்டி?" என்று ஐயா போட்டு மலாயில் கேட்டார்.

போலீஸ்காரர் முறைத்தார். ஆனால் அவர் விரல் தானாகப் போய் முனைகளின்மேல் நின்றது. பஸ்ஸே கூவியது! அவர் சீட்டோடு கீழே குதித்து, ஜீப்பிலிருந்த வெள்ளைக்கார அதிகாரியிடம் ஓடினார். நாங்கள் ஜன்னலில் தொங்கினோம். வெள்ளைக்காரர் விரலும் அங்கேயேதான் போனது.

எங்களை விட்டுவிட்டார்கள். சீட்டு மட்டும் திரும்பி வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் பென்சில்காரர் இறங்கிப் போனார்.

இல்லாத இரண்டு பெயர்கள் இன்றும் நினைவிருக்கின்றன. அவர் பெயரைத்தான் கேட்காமல் விட்டேன்.