வாத்து வந்த வழி

இதை நான் கதை கட்டிச் சொல்லவில்லை. கட்டத் தெரிந்திருந்தால் கணக்குப் பாடத்தை ஏன் எடுத்திருக்கப் போகிறேன்? இரண்டும் இரண்டும் நாலு என்று யாராவது சொன்னாலே, ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்கிற ரகம் நான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன். நடந்தது. நேரம் முதற்கொண்டு ஒரு காகிதத்தில் இருக்கிறது.

அப்போது நாங்கள் பள்ளியில் கடைசி வருடம். மறுநாள் காலை ஒன்பதரைக்கு டிசிஷன் மேத்ஸ் பரீட்சை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எந்த வழியில் போனால் சீக்கிரம் போகலாம், எந்த வேலையை முதலில் முடிக்கலாம் என்று கண்டுபிடிக்கிற கணக்கு, அவ்வளவுதான். வட்டம் போட்டால் அது ஓர் இடம். இரண்டு வட்டத்துக்கு நடுவே கோடு இழுத்தால் அது பாதை. கோட்டின் மேல் எழுதும் எண், அந்தப் பாதைக்கு ஆகும் நிமிடம்.

படித்தது என் சித்தப்பாவின் சலவைக் கடை மாடியில். கீழே ஆறு மெஷின்கள் நாள் முழுக்க ஓடும். தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். மேலே வர வெளிப்பக்கமாக ஒரு இரும்புப் படிக்கட்டு. இருபத்திரண்டு படிகள். சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கியவள், எனக்குத் தெரியும்.

நாங்கள் மூன்று பேர். கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியதால் ஒருவனுக்குப் பெயர் கேப்டன். ஒடிசலாக, காதருகே ரீங்காரம் போடுகிற குரலில் பேசுவதால் ஒருத்திக்குப் பெயர் கொசு. அப்புறம் நான்.

நாலாவதாக வந்திருக்க வேண்டியவன் வாத்து.

அவனுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை இழுத்து இழுத்து நடப்பான். பெயர் வைத்தது கேப்டன். கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைக்க வைத்தது நாங்கள். வகுப்பிலேயே அந்தப் பாடம் முழுசாகப் புரிந்தவன் அவன் ஒருவன்தான். அன்று மதியம் அவனுடைய நோட்டை நான்தான் கேட்டேன். யோசிக்காமல் கொடுத்தான்.

"சாயங்காலம் நானும் வரட்டுமா? சேர்ந்து படிக்கலாம்" என்றான்.

"வாயேன். எங்கேன்னு மெசேஜ் பண்றேன்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்ததை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

மாடியில் நோட்டை விரித்ததும் கேப்டன் சிரித்தான். "நோட்டுதான் வந்துடுச்சே. வாத்து எதுக்கு?"

பிறகு ஒரு காகிதத்தை எடுத்தான். வாத்தின் வீடு, நூலகம், நீச்சல்குளம், பஸ் டிப்போ, ஆஸ்பத்திரி. ஐந்து வட்டங்கள். கோடுகளின் மேல் நிமிடங்கள். "சாதாரண ஆளுக்குப் பன்னெண்டு நிமிஷம்னா வாத்துக்குப் பதினெட்டு. ஒன்றரை மடங்கு. சரியா வருதான்னு பார்த்துடலாம்."

"பாவம்டா" என்றாள் கொசு. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

மெசேஜ் அனுப்பியது நான். மற்றவர்கள் அனுப்பினால் அவன் நம்ப மாட்டான்.

5:40. "நூலகத்துக்கு வா."

5:58. "வந்துட்டேன். எங்க இருக்கீங்க?"

சரியாகப் பதினெட்டு. கேப்டன் மேஜையைத் தட்டினான். காகிதத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டான்.

5:59. "இங்க மூடிட்டாங்க. நீச்சல்குளம் பக்கம் வா." அதற்குக் கேப்டன் போட்டிருந்தது இருபத்தொன்று.

6:20. "வந்துட்டேன். யாரையும் காணோமே? கால் வலிக்குது. கொஞ்சம் நில்லுங்க."

கொசு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும்தான். மறைப்பானேன்?

6:22. "சாரி! டிப்போக்கு வந்துட்டோம். சீக்கிரம் வா." இருபத்தேழு நிமிடப் பாதை. நடுவில் பெரிய சாலையைக் கடக்க வேண்டும்.

6:31-க்கே பதில் வந்தது.

"வந்துட்டேன்."

ஒன்பது நிமிடம்.

"யார் வண்டியிலயாவது ஏறியிருப்பான்" என்றாள் கொசு.

கேப்டனுக்குப் பொறுக்கவில்லை. "அடுத்து ஆஸ்பத்திரி வாசல்னு போடு. இருபத்திநாலு நிமிஷம். எப்படி வர்றான்னு பார்ப்போம்."

6:35-க்கு அனுப்பினேன்.

6:36.

"வந்துட்டேன்."

ஒரே நிமிடம். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். முன்பெல்லாம் எங்கே இருக்கீங்க, கால் வலிக்குது என்று ஏதாவது எழுதினான். இப்போது ஒரு வார்த்தைதான்.

"வீட்ல உக்காந்துக்கிட்டு நம்மளையே ஓட்றான்டா" என்றான் கேப்டன். குரலில் சிரிப்பு இல்லை.

"போதும். கூப்பிட்டுடலாம்" என்றேன். போனை எடுத்து "இப்ப" என்று மட்டும் தட்டினேன். அனுப்பவில்லை. சத்தியமாக அனுப்பவில்லை.

6:41. போன் அதிர்ந்தது.

"வந்துட்டேன்."

"எங்க?" என்று கேட்டேன்.

"கீழ."

அந்த நொடியில் தரையின் அதிர்வு நின்றது. ஆறு மெஷின்களும் ஒன்றாக ஓய்ந்தன. அப்படியொரு அமைதியை அந்த அறையில் நான் கேட்டதே இல்லை.

நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை...

6:42.

டொக்... சர்ர்ர்.

இரும்புப் படி. ஒரு கால் ஊன்றியது. ஒரு கால் இழுபட்டது.

டொக்... சர்ர்ர்.

கேப்டன் பாய்ந்துபோய்க் கதவைத் தாழிட்டான். கால்பந்து மைதானத்தில் யாருக்கும் அஞ்சாதவன். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"வாத்து, விளையாடாதே. திறக்க மாட்டோம்" என்று கத்தினான்.

டொக்... சர்ர்ர்.

நான் எண்ண ஆரம்பித்தேன். பழக்க தோஷம். பன்னிரண்டு... பதிமூன்று... கொசு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் நகம் தோலில் இறங்கியது. பத்தொன்பது... இருபது...

இருபத்தொன்று.

இருபத்திரண்டு.

கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

கேப்டன் கதவில் காதை வைத்தான். எங்களைப் பார்த்து, யாருமில்லை என்பதுபோல் தலையசைத்தான்.

டொக்... சர்ர்ர்.

இருபத்திமூன்று.

அறைக்குள்.

விளக்கு அணையவில்லை. பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது. அதுதான் கொடுமை. பார்க்க எதுவுமே இல்லை.

காலியாக இருந்த நாலாவது நாற்காலியின் மெத்தை... மெல்ல அமுங்கியது.

கொசு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கிறீச்... கிறீச்...

பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம்.

பிறகு என் காதருகே. மிக அருகே.

"எண் தப்பு."

அவன் குரல்தான். கோபமில்லை. வகுப்பில் எனக்குக் கணக்கைத் திருத்தித் தரும்போது பேசுவானே, அதே பொறுமையான குரல்.

கண்ணைத் திறந்தபோது மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த என் போனின் ஓரங்களில் வெளிச்சம் கசிந்தது. சுவர்க் கடிகாரத்தில் 6:50. போனைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை.

6:54-க்கு வெளிச்சம் போனது.

நாற்காலி மெத்தை எழும்பியது. கீழே மெஷின்கள் ஓடின.

கேப்டனின் காகிதத்தில் ஒரே ஒரு மாற்றம். டிப்போவுக்குப் போகும் கோட்டின் மேலிருந்த 27 அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சுத்தமாக ஓர் எண்.

2.

கீழே ஓடினோம். சித்தப்பா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "மெஷினா? காலையில இருந்து நிறுத்தவே இல்லையேம்மா. ஏன், என்ன ஆச்சு?"

எட்டேகாலுக்கு வகுப்பாசிரியர் போன் செய்தார்.

பெரிய சாலையைக் கடக்கும்போது லாரி. நேரம் 6:24. போனைப் பார்த்துக்கொண்டே அவசரமாகக் கடந்தானாம். என் மெசேஜ் போன இரண்டாவது நிமிடம். போன் சக்கரத்துக்கடியில் தூள் தூளாகிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் தன் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு, டிப்போ வழியாக ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கிறார். வாசலில் வேன் நின்றது 6:36. அதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

அவன் ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்துதான் இருக்கிறான்.

மறுநாள் பரீட்சை எழுதினோம். ஆமாம், எழுதினோம். அவன் நோட்டில் இருந்த கணக்கு ஒன்று அச்சு அசலாக வந்திருந்தது. மூவருக்கும் அதில் முழு மதிப்பெண். வெளியே வந்ததும் கேப்டன் சொன்னது ஒன்றுதான்: "உன் போன்ல இருக்கறதை எல்லாம் அழிச்சிடு." அன்றோடு எங்கள் மூவருக்குள் பேச்சே இல்லை.

மெசேஜ்களை அழித்தேன்.

மூன்றாம் நாள் நோட்டைத் திருப்பிக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அதுவரை அவரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. வாசலில் என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என் வாயிலிருந்து "அம்மா" என்ற ஒரு சொல்தான் வந்தது.

"இந்தக் குரல்தான்" என்றார். "நீதானேம்மா அன்னிக்கு அவன் கூட இருந்தது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"டீ பிரேக்ல போன் பண்ணானே. ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். எனக்கு அப்போ எதுவும் தெரியாது. 'ஃப்ரெண்ட்ஸோட படிக்கறேன்மா, என்னைச் சேர்த்துக்கிட்டாங்க'ன்னு அவ்ளோ சந்தோஷமாச் சொன்னான். பாவி, நேரத்தை நான்தான் ஏதோ தப்பா நினைச்சுக்கிட்டிருக்கேன்கறாங்க எல்லாரும்."

ஒரு கையை விடுவித்துப் போனை எடுத்துப் பார்த்தேன். அழித்தது மெசேஜ்களை மட்டும்தான். அழைப்புகள் இருந்தன. அன்றைய தேதியில் நான் அழைத்ததாக ஓர் எண். 6:50. நாலு நிமிடம். அந்த எண்ணுக்கே மறுபடி அழைத்தேன். அவர் இடுப்பில் செருகியிருந்த போன் ஒலித்தது.

"அப்புறம் நீ வாங்கிப் பேசினியே, கண்ணு" என்றார். என் கையை இன்னும் விடவில்லை. "அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் உசிரோட இருக்கேன்."

"நான்... என்ன சொன்னேன்மா?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"மறந்துட்டியா? 'கவலைப்படாதீங்கம்மா, இனிமே அவனை நான் தனியா விடவே மாட்டேன். எங்க போனாலும் என் கூடவேதான் வருவான்'னு சொன்னியே."