மக்கினால்தான் பாஸ்

கடைக்காரர் பொருள் கெடக் கூடாதென்று சாமி கும்பிடுவார்; நான் கெட்டுத் தொலையட்டும் என்று கும்பிடுகிறவள். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். வாழைநார், சணலெல்லாம் மண்ணில் எப்படி மக்குகிறது என்று பார்ப்பது என் வேலை. சோதனைச்சாலையில் மாரடிக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

பக்கத்து வீட்டுச் சந்தேகம்

மக்குகிறதா என்று பார்க்கத் துணியைப் புதைத்துத்தான் ஆக வேண்டும். சுக்குக் கிடங்குச் சுவரோரம் குழி வெட்டி, வாழைநார்த் துணியை வைத்து மூடி, அடையாளத்துக்குச் சிவப்புக் கொடி வேறு நட்டேன். இங்கே செய்வினைக்குக் கூடோத்ரம் என்று பெயர். அதையும் இப்படித்தான் புதைப்பார்களாம். பக்கத்து வீட்டுச் சேச்சி மதிலோரம் வந்து கிசுகிசுத்தார்: “மோளே, கூடோத்ரம் ஆருக்காக்கும்? எங்க வீட்டுக்கு இல்லேன்னா ஆர்ட்டயும் வாய் திறந்து மிண்ட மாட்டேன்.”

அண்ணாச்சியின் போன்

வாழைநார்ப் பை தைத்து இங்கே பிராட்வே கடைத்தெருவில் விற்கும் அண்ணாச்சிக்குத் தென்காசிப் பக்கம் ஊர். கொச்சியில் நடக்கும் சர்வதேச மாநாட்டில் அவர் பையைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். வெளிநாட்டுக் கடைக்காரர்களும் வருகிறார்கள். அவர்கள் ஆர்டர் கொடுத்தால் தையல்கூடம் ஓடும். இல்லாவிட்டால் பூட்டிவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். பாவம், மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் சாயா குடிக்கும் நேரம் பார்த்து தினமும் போன், ஆஸ்பத்திரி நோயாளியை விசாரிக்கிற குரலில்: “தங்கச்சி, நல்லா அழுகிட்டா? கொஞ்சமாச்சும் நாறுதா?”

மேடையில்

இடப்பள்ளிப் பக்கம் பெரிய ஹோட்டல். துண்டுத் துணிகளெல்லாம் தடமில்லாமல் மக்கியாச்சு. அதோடு சும்மா இருந்திருக்கலாம். பந்தா காட்டணுமே! புதைத்திருந்த ஒரு முழுப் பையை மண்ணோடு பெயர்த்து, கிளறிக்கூடப் பார்க்காமல் தட்டில் கொண்டுபோனேன். “பை முழுக்க மக்கிவிட்டது!” என்றேன். கைதட்டல். முன்வரிசை ஜெர்மன்காரப் பேராசிரியர் எழுந்து வந்து மண்ணுக்குள் விரலை விட்டு இழுத்தார். வந்தது பாலியஸ்டர் நூல். நாலு பக்கத் தையலும் கைப்பிடியும் பிரியாமல், பை வடிவத்திலேயே! துணியைச் சோதித்த மகராசி, தைத்த நூலைச் சோதிக்கவே இல்லை. என் மானம் கப்பலேறியது. அவர் அதைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: “அம்மணி, துணிதான் போயிருக்கிறது, பை இங்கேயே இருக்கிறது!”

அண்ணாச்சிக்கு ஒரு போன்

சபையே சிரித்தது. ஒரு கடைக்காரம்மா மட்டும் என்னிடம் வந்து, பருத்தி நூலில் தைத்து அனுப்பினால் மறுபடி பார்க்கிறோம் என்றார். ஆர்டரும் இல்லை, மறுப்பும் இல்லை. இதை அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்ல? பயந்து பயந்து முழுக்கதையும் சொல்லி முடித்தேன். அண்ணாச்சி கேட்டார்: “தையல் பிரியவே இல்லையா? அதை அந்தத் தொரைகிட்ட ஒரு தாள்ல எழுதி வாங்குங்க தங்கச்சி, கடையில மாட்டணும்!”

ஆகவே சகாக்களே, பாலியஸ்டர் நூலுக்கு அடுத்தபடியாக எந்த மண்ணிலும் மக்காத பொருள், மேடையில் வாய்விட்டுச் சொன்ன ‘முழுக்க’ என்கிற வார்த்தைதான்.