காற்றுக்கு இடம் விட்டு எழுதிய எங்கள் அக்கா

எங்கள் கரையைக் காத்து நிற்கும் பிள்ளையாரை வணங்கித் தொடங்குகிறேன். நான் எட்டாம் வகுப்போடு அடுப்படிக்கு வந்தவள். எழுத்தில் பிழை இருந்தால் அக்காவின் முகத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கண்மூடி ஒரு வருடம் நிறையும் ஆட்டைத் திவசமான இன்று, இந்த நினைவு மலரோடு அவரின் கடைசி நாவலும் உங்கள் கைக்கு வருகிறது. அந்த நாவலில் ஒரே ஒரு சொல்லுக்குரிய இடம் ஏறக்குறைய ஒரு வருடம் வெறுமையாகக் கிடந்தது. அது நிரம்பாமல் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது எப்படி நிரம்பியது என்று சொன்னாலே அக்காவைப் பற்றிச் சொன்னதாகும்.

வலிகாமம் வடக்குக் கரையில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் அக்கா இரண்டாவதாகப் பிறந்தார். மூத்தவர் அண்ணை, கடைசி நான். ஐயா வேளைக்கே கண்மூடிவிட்டதால் அண்ணை பதினாறு வயதில் வள்ளம் ஏறினார். அக்காவைப் படிப்பித்தவரும் அவர்தான். அந்தப் படிப்பை வைத்து அக்கா காதல் கதை எழுதுவார் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

அக்காவின் எழுத்துக்கு ஒரு நியமம் இருந்தது. விடிய முழுகி, திருநீறு பூசி, கரைக்குப் போய் நிற்பார். தொழிலுக்குப் போன வள்ளங்கள் எல்லாம் திரும்பிக் கரையேறிய பிறகுதான் வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறப்பார். ஒரு வள்ளம் வராவிட்டாலும் அன்றைக்கு எழுத்தில்லை. "கடலிலை ஒருத்தன் நிக்கேக்கை, நான் இஞ்சை கடுதாசியிலை ஒருத்தனைக் கரை சேர்க்கிறது சரியில்லை" என்பார்.

அவரின் கதைப் பெண்கள் எல்லோரும் அந்தக் கரையில் கருவாடு புரட்டியவர்கள், கிழிந்த வலை பொத்தியவர்கள். கதையில் தங்களைக் கண்டு சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. "என்னை இன்னும் கொஞ்சம் வடிவா எழுதியிருக்கலாம்" என்பதுதான் சண்டை.

அக்காவின் முதல் தொடர்கதை பத்திரிகையில் வந்துகொண்டிருந்த காலத்தில் எனக்குப் பேசி வந்த சம்பந்தம் ஒன்று நின்றது. "காதல் கதை எழுதிறவளின்ரை தங்கச்சியாம்" என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தை விடு என்றார் அண்ணை. அக்கா விடவில்லை. அண்ணை அக்காவோடு கதைப்பதை விட்டார். ஒரே வீட்டில் பல மாதம், "உவளிட்டைச் சொல்லு, சோத்தைப் போடச் சொல்லி" என்று அண்ணை என்னிடம் சொல்லுவார். பக்கத்தில் நிற்கும் அக்கா, "போட்டு ஆறிப்போச்செண்டு சொல்லு" என்பார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று உருகினேன். என்னால் வந்த மனத்தாங்கல் அல்லவா?

ஒரு கிழமை, அந்தக் கதையின் நாயகன் மார்கழி மாதத்தில் பாய் விரித்து எங்கள் கரைக்கு வந்து இறங்கிவிட்டான். எங்கள் பெண்கள் வள்ளம் ஏறுவதில்லை. அக்கா கடலைக் கரையில் நின்று கண்டதுதான். மார்கழியில் வாடைக்காற்று வடக்கே இருந்து அலையைக் கொண்டுவந்து எங்கள் கரைக் கற்களில் அடிக்கும். அப்போது எந்தத் தொழிலாளியும் அங்கே வள்ளத்தைக் கொண்டுவர நினைக்கமாட்டான். அடுத்த நாள் கரையில் மற்றத் தொழிலாளிகள் அண்ணையைப் பிடித்துக்கொண்டார்கள். "உன்ரை தங்கச்சியின்ரை பெடியனை எங்களிட்டை ஒருக்கா அனுப்பிவிடு. வாடையிலை வள்ளம் விடுறது எப்பிடியெண்டு படிப்பம்."

அண்ணை வந்த வேகத்தில் என்னை மறந்து நேரே அக்காவிடமே கேட்டுவிட்டார்.

"மார்கழி வாடையிலை ஆரடி எங்கடை கரையிலை வள்ளம் விடுறது?"

"அப்ப அவன் எப்ப அண்ணை வாறது?"

"தெற்கை இருந்து சோளகக் காத்துப் பிறக்கட்டும். வைகாசியிலை வரச் சொல்லு."

"அந்தப் பிள்ளை அவ்வளவு நாளும் காத்துக்கொண்டு இருப்பாளோ?"

"கடற்காரனை விரும்பினவள் இருக்கத்தான் வேணும்."

அக்கா கொப்பியை எடுத்து அந்த வசனத்தை அப்படியே எழுதினார். வந்து இறங்கியவனை அடுத்த கிழமை அவளின் கனவாக்கித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பெண் வைகாசி வரைக்கும் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பைத்தான் சனம் தேடித் தேடி வாசித்தது. வாசித்தவர்களில் ஒருவர் பிறகு எனக்கு மாமியானார். பெண் பார்க்க வந்த மாமி என்னைப் பார்க்க முதல் அக்காவிடம் கேட்டது, "வைகாசியிலை வந்திடுவானோ, பிள்ளை?" என்றுதான்.

அன்றிலிருந்து கதையில் காற்று வரும் இடத்தை அக்கா வெறுமையாக விட்டுவிடுவார். அண்ணை மாதத்தைப் பார்த்து வாடையோ, சோளகமோ, மேற்கே இருந்து வரும் கச்சானோ பென்சிலால் எழுதிக் கொடுப்பார். "நான் காத்து மட்டுந்தான் பாக்கிறனான்" என்பார். ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையில் கையை வைத்தபடி, "அந்தப் பெட்டை ஏன் அழுதவள்?" என்று கேட்டவரும் அவரேதான்.

போரால் இடம்பெயர்ந்து உடுவிலில் இருந்த வருடங்களில் அண்ணைக்கு வள்ளமில்லை, தோட்ட வேலை. அக்காவுக்குக் கரையில்லை. காலையில் மருதனார்மடம் சந்தைக்கு நடந்து போய் மீன்காரரிடம், "வள்ளமெல்லாம் வந்திட்டுதோ?" என்று கேட்பார். "மீன் வேண்டாதவவுக்கு வள்ளத்தாலை என்ன?" என்று அவர்கள் சிரிப்பார்கள். ஓம் என்று சொன்னால் வந்து எழுதுவார். நான்கு நாவல்களை அப்படித்தான் எழுதினார். அந்த நான்கிலும் காற்று ஒன்றும் பிழையாகவில்லை.

ஊர் திரும்பிய பிறகு மீண்டும் கரைக்குப் போனார். பதினொரு நாவல் எழுதியவர் எங்கள் அக்கா. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

சென்ற வருடம் நோயில் படுத்தபோதும் பதினோராவதை முடித்துவிட்டார். கொப்பியை என்னிடம் தந்து, "கடைசிப் பக்கத்திலை ஒரு இடம் கிடக்கு. அண்ணையிட்டைக் குடு" என்றார். மூன்றாம் நாள் இறைவன் அழைத்துக்கொண்டார். அண்ணை கொப்பியைச் சுவாமி அறையில் வைத்துவிட்டார். கேட்கும்போதெல்லாம், "பொறு, இன்னும் காத்துப் பிடிபடேல்லை" என்றார். அவருக்குப் பிடிபடாத காற்று இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அக்காவை மாறிமாறிப் பார்த்த தாதிப் பிள்ளைகளுக்கும், ஒரு மாதம் எங்கள் அடுப்பு எரியவிடாமல் சாப்பாடு தந்த அயலவர்களுக்கும், கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியைகளை நிறைவாகச் செய்து தந்த குருக்களுக்கும், தூர தேசத்தில் இருந்து வந்த மருமக்களுக்கும், அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் அக்காவைச் சுமந்த கரையவர்களுக்கும் கைகூப்புகிறோம். பெயர் பெயராகச் சொல்ல முடியவில்லை, குறை நினைக்க வேண்டாம்.

போன மாதம் ஒரு காலை, வள்ளங்கள் கரையேறிய பிறகு அண்ணை திருநீறு பூசிக்கொண்டு வந்து கொப்பியை என் கையில் தந்தார். கடைசிப் பக்கத்தில், காத்திருந்தவளிடம் நாயகன் கரைக்கு வரும் இடத்தில், 'வாடை' என்று எழுதியிருந்தார்.

"வாடையிலை வரேலாதெண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்?"

"சொன்னனான்தான். வரட்டும். அந்தப் பிள்ளை எத்தினை நாளைக்கெண்டு இருக்கிறது."