மிஸ் சொன்ன ஊர்

கணவருக்குத் திருப்பதியில் கம்பெனி வேலை கிடைத்ததும் சத்தியவேடு பக்கத்திலிருந்து குடிவந்தோம். வீட்டில் தமிழ்தான். இங்கிலீஷ் ரைம்ஸிலும் கழுத்து டையிலும் மயங்கி, மூன்று வயது மகளை அலிபிரி ரோட்டோரம் ஒரு நர்சரியில் சேர்த்தேன்.

நான்காம் நாள் அவள், "மிஸ்ஸு என்னை ஊருக்குப் போகச் சொல்லிக்கினே இருக்காங்கம்மா" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமிழ் பேசுவதால் விரட்டுகிறார்களா? மறுநாள் அவளைக் கொண்டுபோய் விடும்போது நேராகவே கேட்டேன்.

"நேனா? நான் எதுக்கும்மா அப்படிச் சொல்லப் போறேன்?" என்று மிஸ் திருதிருவென விழித்தார். யாரை நம்புவது?

அதற்குள் மகள் அழ ஆரம்பித்தாள். மிஸ் அவள் கண்ணைத் துடைத்து, "ஊருக்கோம்மா, ஊருக்கோ" என்றார். தெலுங்கில் அழாதே என்று தேற்றும் சொல் அது. மகளோ உடனே செருப்பை மாட்டிக்கொண்டு, பையோடு வெளியே நடந்தாள். கேட்டில் தாழ்ப்பாளே இல்லை. ஜீப்புகள் பறக்கும் ரோட்டில் அவள் கால் வைக்குமுன் ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன்.

"ஊருக்குத்தாம்மா போறேன்" என்றாள்.

அத்தனை அன்பாகச் சொன்ன மிஸ்ஸை எப்படித் திட்டுவது? தவறு யாருடையது என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான்.

இப்போது இளையவளுக்கு நர்சரி தேடுகிறேன். எங்கே போனாலும் முதலில் கேட்டை ஆட்டிப் பார்க்கிறேன். பிறகு, "குழந்தை அழுதால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்கிறேன். "எதுவானாலும் இங்கிலீஷ்லதான் சொல்லுவோம்" என்று பெருமையாகச் சொன்னால், குழந்தைக்குப் புரியாத சொல் இன்னொன்று வேண்டாமென்று திரும்பி வந்துவிடுகிறேன்.