ஊசிக்கு ஒரு குலவை

ஐந்து வயது ஊசி போடாத பிள்ளையை வகுப்பில் உட்கார விடமாட்டோம் என்று பாலிகஞ்ச் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். என் பேத்தியோ ஊசியைக் கண்டாலே ஓடுகிறவள். அன்றைக்கும் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள்.

பள்ளிக்கு வந்திருந்த வங்காளி நர்ஸம்மா நல்ல உயரம்; என்னை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிட்டார். கையில் அவர்கள் பக்கத்துக் கல்யாணமான பெண்கள் போடும் வெள்ளைச் சங்கு வளையல். அதுபோல ஒரு ஜோடி கேட்டால் என் மகன் சிரிக்கிறான், அது கிடக்கட்டும். அந்த அம்மா ஊசியை எடுத்ததும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார் பாருங்கள்! நானே ஒரு துள்ளு துள்ளிவிட்டேன். பேத்தி வெளியே வந்து வாயைப் பிளந்தாள்.

"ஐயோ, யாருக்கும்மா கல்யாணம்?" என்றேன்.

"ஊசிக்கும் கைக்கும், மாஷிமா. தாலி கட்டியாச்சு!"

பார்த்தால், பேத்தி கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு.

எந்த ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லிக்கொடுத்தார்களோ! என் படபடப்பு அடங்க வீடு வரைக்கும் ஆயிற்று.