நான் படிக்காத மஞ்சள் தாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு வடிகட்டிய முட்டாள். இப்போது செய்கிற முட்டாள்தனங்களுக்கெல்லாம் என் மனைவி சாட்சி. பதினொரு வயதில் செய்த ஒன்றுக்கு மட்டும் சாட்சி இல்லை என்பதால் அதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத் தாளைப் படிக்காமலே "படிச்சிட்டேம்ப்பா" என்று சொன்னேன். அந்த மஞ்சள் தாள் என் கம்பளிக் கையுறையில் ஒட்டிக்கொண்டு, பனித்தூள் பட்டு நனைந்து, ஈரக் கோந்து வாசனை அடித்தது இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. அந்த ஒரு பொய்யால் ஒரு மனிதரின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. என் அப்பாவின் சிரிப்பும் போனது.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்குக் கணினி வேலை. இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். ஆனாலும் வீட்டுக்குள் வருகிற எந்த இங்கிலீஷ் காகிதமானாலும், பள்ளிக்கூட நோட்டீஸோ மைக்ரோவேவ் அடுப்போடு வந்த புத்தகமோ, அதை என் கையில் கொடுத்து, "படிச்சுச் சுருக்கமா தமிழ்ல சொல்லு" என்பார். பையனுக்கு அமெரிக்க இங்கிலீஷும் வரும், தமிழும் மறக்காது என்பது அவர் கணக்கு. எங்கள் வீட்டில் இதற்கு "சேதி வாசிக்கிறது" என்று பெயர். கிடைத்த அதிகாரத்தை நான் சும்மா விடுவேனா? வாரம் ஒருமுறை பாப்கார்ன் பொரிக்காவிட்டால் மைக்ரோவேவ் கெட்டுவிடும் என்று போட்டிருப்பதாகச் சேதி வாசித்து இரண்டு மாதம் பாப்கார்ன் தின்றிருக்கிறேன். அப்பா நம்பினாரா, நம்பியதுபோல் இருந்தாரா, தெரியாது.

அந்த ஜனவரியில், பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னதால், வெஸ்ட் வின்ட்சருக்குக் குடிபோக முடிவாயிற்று. வீடு மாற்ற ஆள் வைப்பதெல்லாம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. நண்பர்கள் வந்து தூக்குவார்கள், அவர்களுக்குப் பீட்சா வாங்கிப் போட்டால் தீர்ந்தது. அன்றைக்குப் பனி கொட்டும் என்று டிவியில் சொல்லிவிட்டதால் வந்த ஒரே நண்பர் நடேசன் அங்கிள். அப்பாவோடு கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர், சங்ககிரிக்காரர், குடும்பத்துக்கு லாரித் தொழில். எங்கள் வேனுக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் பெட்டி வண்டி ஒன்றை, டிரெய்லர் என்பார்களே அதை, வாடகைக்கு எடுக்க மூவரும் போனோம். கடைக்காரப் பையன் அப்பாவிடம் மஞ்சள் தாளை நீட்டினான். அப்பா வழக்கம்போல அதை என் பக்கம் தள்ளிவிட்டு, விறைத்த விரல்களோடு கொக்கியில் சங்கிலியை மாட்டத் தொடங்கினார்.

"சேதி வாசிடா."

"சங்ககிரில பொறந்தவனுக்கு டிரெய்லர் இழுக்கச் சேதி வேணுமாக்கும்?" என்றார் அங்கிள். "எங்கூட்ல எட்டு லாரி ஓடுச்சு கண்ணு."

"லாரி ஓடுச்சு. நீ ஓட்டுனியா?"

"கிளீனரா போயிருக்கேன்ல? அது பத்தாதா?"

எனக்குக் காது உறைந்துகொண்டிருந்தது. வேனுக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தாளில் பொடி எழுத்து, வரிவரியாக. முதல் வரியை மட்டும் பார்த்தேன். "படிச்சிட்டேம்ப்பா. மெதுவா ஓட்டணுமாம், திருப்பத்துல பாத்துத் திருப்பணுமாம். அவ்ளோதான்" என்றேன். "இதுக்கா ஒரு பக்கம்?" என்று அப்பா சிரித்தார். நான் தாளை மடித்து ஜாக்கெட் பைக்குள் திணித்துக்கொண்டு வேனுக்குள் ஓடி ஏறினேன்.

சாமான் ஏற்றும்போது அம்மா வாசலில் நின்று உத்தரவு போட்டாள். புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியவை சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், செப்புக் குடம், அரிசி. பின்னாலேயே அவள் கல்யாணத்தில் மிதித்த அம்மியும், கோயமுத்தூர்க் கிரைண்டரும். "ஏனுங், இதையெல்லாம் கடைசியா ஏத்துங்க. கதவத் தொறந்ததும் கைக்கு வரோணும்" என்றாள். அப்படியே செய்தார்கள். மெத்தை, தலையணை, பிளாஸ்டிக் நாற்காலி, என் பொம்மைப் பெட்டிகள் எல்லாம் முன்னால். அம்மி, கிரைண்டர், தள்ளுபடியில் வாங்கி அடுக்கியிருந்த ஆறு அரிசி மூட்டைகள் எல்லாம் டிரெய்லரின் வால் பக்கம். ஏற்றி முடித்தபோது டிரெய்லரின் மூக்கு லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. "டிரெய்லர் மோப்பம் புடிக்குது பாருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாளில் நான் அடித்த கடைசி ஜோக் அது.

பனி வலுத்து விழத் தொடங்கியிருந்தது. சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி வரும்வரை காத்திருக்கலாம் என்று அங்கிள் சொல்லிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சியாக வேண்டும். அது இந்திய நேரத்து நாலரையா, அமெரிக்க நேரத்து நாலரையா என்று அப்பா கேட்டதற்கு அம்மா பார்த்த பார்வையில் வண்டி கிளம்பிவிட்டது.

ஒரு நீளமான இறக்கத்தில் பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. அது கிளப்பிய காற்றில் டிரெய்லர் ஒருமுறை அசைந்தது. பிறகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வாலாட்டத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் வேனின் பின்பக்கத்தையும் கூடவே இழுத்தது. "பிரேக்கப் புடிக்காத! கால எடு, ஸ்டியரிங்க நேராப் புடி!" என்று அங்கிள் கத்தினார். அப்பாவின் கால் ஏற்கனவே பிரேக்கில் இருந்தது. வேன் வழுக்கிக்கொண்டே வலப்பக்கம் ஒதுங்கி, பனிக்கடியில் மறைந்திருந்த சிமெண்ட் விளிம்பில் இடித்து நின்றது. வலது பின் டயர் கிழிந்து தொங்கியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தியூர்ச் சாமிக்கு நேர்ந்துகொண்டாள்.

"எல்லாரும் எறங்குங்க. வண்டில ஆள வெச்சிட்டு ஜாக்கி போடப்படாது" என்று அங்கிள் அங்கே பொறுப்பெடுத்துக்கொண்டார். எங்களைச் சாலையிலிருந்து தள்ளி நிற்கவைத்தார். ஜாக்கி போடுவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்தினார். ஸ்டெப்னியை உருட்டி வந்து பக்கத்தில் சாய்த்தார். எல்லாம் தொழில் தெரிந்த ஆளின் ஒழுங்கு. பிறகு நிமிர்ந்து, "சக்கரம் உருளாம அண்டை குடுக்கோணும். நல்ல கல்லா ஒண்ணு பாரு கண்ணு" என்றார். நான் தேடினேன். கண்ணுக்கெட்டிய தூரம் பனி. நியூ ஜெர்சியில் கல்லே கிடையாதோ என்று தோன்றியது.

"பழனி, அந்த அம்மிய எறக்குடா" என்றார் அங்கிள் அப்பாவிடம்.

"ஐயோ, அது மிதிச்சுத் தாலி கட்டுன அம்மிங்ண்ணா" என்றாள் அம்மா. "சக்கரத்துக்குக் கீழ வெக்கறதா?"

அரிசி மூட்டை என்றார் அப்பா. அது லட்சுமி. புத்தகப் பெட்டி? அது சரஸ்வதி. கடைசியில் சாமி எதுவும் குடியிருக்காத ஒரே சாமானாகச் செருப்பு மூட்டை அகப்பட்டது. எங்கள் மூவருடைய செருப்புகளும் ஷூக்களும் அடைத்த அந்தத் துணி மூட்டையை முன் சக்கரத்துக்குக் கீழே செருகிவிட்டு, "பத்து நிமிஷ வேலைதான?" என்று அங்கிள் ஜாக்கியைச் சுற்ற ஆரம்பித்தார்.

கிழிந்த சக்கரத்தைக் கழற்றினார். ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டும்போது நட்டு இடுக்கில் பிடிபடவில்லை என்று வலது கையுறையைக் கழற்றி என்னிடம் எறிந்தார். நான் அதைப் பிடித்தேன். கையுறைக்குள் இன்னும் சூடு இருந்தது. அப்போது, இறக்கத்தில் நின்ற டிரெய்லரின் பாரம் பின்னாலிருந்து மெல்லத் தள்ள, ஐஸில் நின்ற முன் சக்கரங்கள் செருப்பு மூட்டையையும் தள்ளிக்கொண்டு வழுக்கின. ஜாக்கி சாய்ந்தது. வேன் பொத்தென்று இறங்கியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை.

அங்கிள் கத்தவில்லை. "பழனி, கை" என்று மட்டும் சொன்னார். சக்கரத்துக்கும் அதன் மேல் வளைந்திருக்கும் தகரத்துக்கும் நடுவே அவர் கை மாட்டியிருந்தது. அப்பா வேனை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தார். ஒரு வேனை ஒரு மனிதன் தூக்க முடியாது என்பது தெரிந்தும் திரும்பத் திரும்பத் தூக்கினார். அவர் ஷூ பனியில் வழுக்க வழுக்க, முழங்காலில் விழுந்து எழுந்து மறுபடி தூக்கினார். அம்மா சாலையோரம் நின்று புடவைத் தலைப்பை வீசிக் கத்தினாள். நாங்கள் காத்திருக்க மறுத்த அந்தப் பனி வண்டிதான் வந்து நின்றது. ஓட்டுநர் பெரிய ஜாக்கியோடு இறங்கினார்.

ஆஸ்பத்திரியில், உள்ளே அங்கிளுக்கு அறுவை நடந்துகொண்டிருந்தபோது, என் ஜாக்கெட் பையிலிருந்த தாளைக் கழிப்பறைக்குள் கொண்டுபோய்ப் படித்தேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு காகிதத்தை ஒரு வரி விடாமல் படித்தது அன்றுதான். கனமான சாமானை முன்பாதியில் ஏற்ற வேண்டும், பின்பாரம் கூடினால் வண்டி ஆடும் என்று இருந்தது. ஆடினால் பிரேக் பிடிக்காதே என்று இருந்தது. டயர் மாற்றுமுன் டிரெய்லரைக் கழற்றிவிடு என்று இருந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு ரப்பர்க் கட்டைகள் டிரெய்லரின் மூக்கில் உள்ள சிறிய பெட்டியில் இருக்கின்றன என்றும் இருந்தது. கல் தேடி அலைந்தபோது நான் அந்தப் பெட்டியில் கை ஊன்றித்தான் அந்தப் பக்கம் தாண்டினேன். தாளை நாலாகக் கிழித்துத் தண்ணீரை இழுத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து டிரெய்லரைத் திருப்பிவிடப் போனோம். திரும்பும் வழியில் அப்பா கண்ணைச் சாலையில் வைத்தபடியே கேட்டார்: "அந்தத் தாள்ல வேற ஏதாச்சும் போட்டிருந்துச்சாடா?"

"இல்லப்பா."

முதல் பொய் சோம்பேறித்தனத்தில் வந்தது. இதைத் தெரிந்தே சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப்பின் தீர்ப்பை அவரே எழுதிக்கொண்டார்: பிரேக்கைப் பிடித்தது அவர், சாமானை அடுக்கியது அவர், பனியில் வண்டியைக் கிளப்பியது அவர். அம்மா தன் பங்குக்கு அம்மியை எடுத்துக்கொண்டாள். புது வீட்டில் அதைக் கார் கொட்டகையின் மூலையில் போட்டவள், அதில் ஒருநாளும் அரைக்கவில்லை. அப்பா என்னைச் சேதி வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு, இருமல் மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டிலிருந்து எல்லாவற்றையும் அவரே இரண்டு முறை படித்தார். உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ சாப்பாட்டு வேளைகள் இருந்தன. ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது ஜோக் சொன்னேன்.

நடேசன் அங்கிள் அதைப் பற்றி என் காதுபட ஒரு சொல் பேசியதில்லை. விசேஷ வீடுகளில் இலைக்கு முன் உட்கார்ந்து, இடது கையில் கரண்டி பிடித்து ரசம் சாதம் சாப்பிடுவார். அப்பா எப்போதும் அடுத்த வரிசையில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சில வருடங்களில் அங்கிள் டெக்சாஸுக்கு, ரிச்சர்ட்சனுக்கு, மாறிப் போனார். பனி இல்லாத ஊர் என்று சொல்லிக்கொண்டார்கள்.

இப்போது நான் கலிஃபோர்னியாவில், டப்ளினில் இருக்கிறேன். அப்பா போன வருடம் காலமானார். சென்ற மாதம் ஃப்ரீவேயில் டயர் காற்றிறங்கி, ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் ஒதுங்கிப் பின்கதவைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை, ஜாக்கி இல்லை, வீல் ஸ்பேனர் இல்லை. டயர் ஓட்டையை அடைக்க ஒரு டப்பாப் பசையும் கைக்கடக்கமான பம்பும் மட்டும் இருந்தன. புதுக் கார்கள் பலவற்றில் இப்படித்தானாம். ஸ்டெப்னி என்ற சொல்லே என் மகளுக்குத் தெரியாது. உதவிக்கு ஆள் வர நாற்பது நிமிடம் என்றார்கள். என்ன நினைத்தேனோ, அங்கிளுக்குப் போன் போட்டேன்.

"வண்டி மட்டமான எடத்துல நிக்குதா? ஆளுங்க எறங்கியாச்சா?" என்றார், நலம்கூட விசாரிக்காமல்.

"எறங்கியாச்சு அங்கிள்."

"கைய உள்ள விடாத. வர்றவன் பாத்துக்குவான்." பிறகு அவராகவே சொன்னார்: "உங்கப்பன் கடைசியா ஒருக்கா இங்க வந்தப்பக்கூட எங் கையப் பாக்கலடா. சுவத்தப் பாத்தே பேசிட்டுப் போனான். நான் எத்தனையோ சொல்லிப் பாத்துட்டேன்."

நான் சொல்லிவிட்டேன். மஞ்சள் தாள், முதல் வரி, ரப்பர்க் கட்டைகள், ஆஸ்பத்திரிக் கழிப்பறை, காரில் அப்பா கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும், அந்தக் கார் நிறுத்துமிடத்தில் ஆட்கள் தள்ளுவண்டிகளைத் தள்ளிக்கொண்டு போக, மூச்சு விடாமல் சொன்னேன். முடித்துவிட்டு, "உங்களுக்குச் சேதி வாசிச்சாச்சு அங்கிள்" என்று இளிக்கவும் செய்தேன். மறுமுனையில் அவர் குரல் வந்தது.

"அவன் இருக்கறப்பச் சொல்லியிருக்கோணும்."